பட்டாளம் காலியாக விட்டுவைத்த நிலம்: வேலூர், ராணிப்பேட்டை கண்டோன்மெண்ட்களின் பின்னணி

வேலூரில் ஆபீசர்ஸ் லைன் என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய் விடுவார். இன்ஃபன்ட்ரி ரோடும் அப்படித்தான். காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாதையில் வேலூர் கண்டோன்மெண்ட் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. ஆனால் அந்த ஆபீசர்களும் இல்லை, இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையும் இல்லை, பட்டாளம் தங்கும் தனிப்பகுதியான கண்டோன்மெண்டும் இல்லை, எல்லாம் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. இந்த ஊரில் எந்தத் தெரு ஏன் அவ்வளவு அகலம், எந்த இடம் ஏன் நூறு வருஷமாக வீடு ஏறாமல் கிடக்கிறது, அரசு அலுவலகங்கள் ஏன் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், பட்டாளம் கட்டிய கட்டடங்களைவிட அது கட்டவிடாமல் வைத்திருந்த நிலம்தான் ஊரின் உருவத்தை அதிகம் தீர்மானித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பட்டாளத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் பாரக்ஸ் என்றால் நீளமான ஒரு ஓட்டுக் கட்டடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எண்ணூறு ஆயிரம் பேர் தூங்குவதற்கு உண்மையிலேயே பெரிய இடம் தேவையில்லை. ஆனால் அவர்கள் அணிவகுத்து நிற்க ஒரு மைதானம் வேண்டும். வெடிமருந்துக் கிடங்கு வேண்டும், அது வெடித்தால் ஆள் சாகாத அளவுக்கு அதைச் சுற்றி வெற்றிடம் வேண்டும். ஆஸ்பத்திரி காற்றோட்டமான தனி இடத்தில் இருக்க வேண்டும். அதிகாரிகளுக்குப் பெரிய காம்பவுண்டோடு பங்களாக்கள், சிப்பாய்களுக்கு லைன் வீடுகள், பொருள் வாங்க ஒரு பஜார், கல்லறைத் தோட்டம், குப்பையும் மலமும் புதைக்க ஊருக்குத் தள்ளி ஒரு நிலம், நல்ல கிணறுகள், அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் யாரும் குடியேறாமல் ஒரு கட்டுப்பாடு. அப்புறம் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு ஒரு நீளமான வெளி.

இந்தக் கடைசி விஷயம் சுவாரஸ்யமானது. பழைய மஸ்கட் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு மேல் குறி வைத்துச் சுடுவது கடினம், அதனால் பயிற்சிக்கு ஒரு சின்ன மைதானம் போதுமானதாக இருந்தது. 1850-களில் என்ஃபீல்டு ரைபிள் வந்தது. அதன் குறிமானி தொள்ளாயிரம் கஜத்துக்கும் மேலே போனது. ஆகவே சுடும் திடலின் நீளமும், குண்டு தவறிப் போனால் விழக்கூடிய பின்புற நிலமும் ஒரே தலைமுறைக்குள் பல மடங்கு பெருகிவிட்டது. ஆள் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாமல், ஆயுதம் மாறியதாலேயே பட்டாளத்துக்கு நிலத் தேவை கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மலை அடிவாரமாக இருந்தால் மலையே குண்டைத் தடுத்துவிடும், பின்னால் நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. நம் ஜில்லாவில் கரட்டுக்குப் பஞ்சமா?

சரி, வேலூருக்கு வருவோம். கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள் காலத்தில் கட்டியது, கருங்கல் மதில், சுற்றி அகலமான அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மொத்தம் 133 ஏக்கர். கிழக்கே மலைகளின் மேல் சஜ்ஜரா, குஜ்ஜரா என்று துணைக் கோட்டைகள். பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், ஆற்காடு நவாப் என்று கை மாறி மாறி, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெயருக்கு நவாப்புடையதாகவும் காவலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உடையதாகவும் ஆகிவிட்டது. ஹைதர் அலி 1780 முதல் முற்றுகை போட்டும் பிடிக்க முடியாமல் போன இடம் என்பதால் கம்பெனிக்கு இந்தக் கோட்டை மேல் பெரிய நம்பிக்கை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் கொண்டுவந்து வைக்க இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1801-இல் கர்நாடக நாடு (அப்போது ஆற்காடு நவாப்பின் ஆட்சிப்பகுதிக்கு அதுதான் பெயர்) முழுவதையும் நவாப்பிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்ட பின் நிலவரியும் படையும் ஒரே சர்க்காரின் கையில் வந்தது.

அந்த நம்பிக்கையே பெரிய தவறான திட்டத்துக்கு வழிவிட்டது. ஒரே மதிலுக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாரக்ஸ், அவர்களுடைய ஆஸ்பத்திரி, வெடிமருந்து, இந்தியச் சிப்பாய்களின் காவல் நிலைகள், அதிகாரிகளின் வீடுகள், அவற்றோடு அரசியல் கைதிகளாக ஒரு அரச குடும்பம். மைசூரிலிருந்து அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து வந்தவர்கள் வெளியே பேட்டையில் குடியேறியிருந்தார்கள். சிப்பாய்களும் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே தங்கள் குடும்பங்களோடு குடிசைகளில்தான் இருப்பார்கள். 1806 ஜூலை 10 காலையில் ஒரு அணிவகுப்பு வைத்திருந்ததால், விடியுமுன் கூடுவதற்கு வசதியாக முதல் நாள் இரவே பெரும்பாலானவர்களைக் கோட்டைக்குள் தூங்கச் சொன்னார்கள். புதிய தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி பற்றிய உத்தரவுகளால் ஏற்கெனவே மாதக்கணக்கில் கொதித்துக்கொண்டிருந்த 1500 பேர் அளவிலான சிப்பாய்களும், 69-ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனிகளை, அதாவது நான்கு சிறு அணிகளைச் சேர்ந்த 370 பேர் அளவிலான வெள்ளையர்களும் அன்று இரவு ஒரே மதிலுக்குள் இருந்தார்கள்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த சிப்பாய்கள் பாரக்ஸின் கதவுகளையும் ஜன்னல்களையும் நோக்கிச் சுட்டார்கள், பீரங்கியைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். கோட்டையின் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் கொல்லப்பட்டார். 69-ஆம் படைப்பிரிவில் மட்டும் நூற்றுக்கு மேல் செத்தார்கள். மைசூர்க் கொடி கோட்டையில் ஏறியது. ஆனால் அதைக் கட்டடத் திட்டத்தின் கண்ணோடு பார்த்தால் வேறொரு விஷயம் தெரியும். நீளமான கூடம், வரிசையாக ஜன்னல், எதிரே திறந்த முற்றம், இவை காற்றுக்கு நல்லவை, ஆனால் உள்ளே இருப்பவனை எதிரிக்கு அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். வெளியாளை உள்ளே விடாமல் காப்பாற்றும் மதில், உள்ளேயே பகை மூண்டுவிட்டால் யாரையும் வெளியே விடாத சிறையாகிவிடும்.

காப்பாற்றியது தூரம். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஒரு மேஜர் மூலம் செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கே சுமார் 16 மைல் தூரத்தில் குதிரைப்படையின் கண்டோன்மெண்ட். கர்னல் கில்லெஸ்பி 19-ஆம் டிராகூன் குதிரைப்படையிலிருந்து கையில் கிடைத்த ஆட்களோடு உடனே கிளம்பி, காலையிலேயே கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் குதிரைகள் இழுத்துவந்த பீரங்கிகளால் வாசல் கதவு உடைக்கப்பட்டது, பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. பிடிபட்ட சிப்பாய்களை மதிலோரம் நிறுத்திச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் ரத்தம் அந்தக் கல்லில் இருக்கிறது, அதை மறந்துவிட்டு இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கலகம் செய்த மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன, திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில்தான் ஆற்காட்டுக் கண்டோன்மெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஆற்காடு என்றாலும் அது இருந்தது பாலாற்றின் வடகரையில், ராணிப்பேட்டையில். நவாப்பின் நகரமும் 1751-இல் கிளைவ் முற்றுகையைத் தாக்குப்பிடித்த கோட்டையும் தென்கரையில். ஊர் ஒரு கரை, பட்டாளம் மறு கரை, நடுவே ஆறு. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் மிக எளிமையானது: குதிரை. ஒரு குதிரைக்கு அந்தக் காலத்தில் அதைப் பராமரிக்கும் ஒரு சயிஸும் ஒரு புல் அறுப்பவரும் வைப்பது வழக்கம். அப்படியென்றால் ஐந்நூறு குதிரை உள்ள படைக்கு ஐந்நூறு புல் அறுப்பவர்கள் தினமும் காலையில் அரிவாளோடு கிளம்புவார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? சுற்றுக் கிராமங்களின் மேய்ச்சல் வெளிக்கும், ஆற்றங்கரைக்கும், ஏரி உள்வாய்க்கும்தான். ஆகவே குதிரைப்படையின் நிலம் அதன் எல்லைக்கல்லோடு முடிவதில்லை, அது புல் கிடைக்கும் தூரம் வரைக்கும் நீள்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் ஒரு கிராமத்து மாட்டுக்கும் பட்டாளத்துக் குதிரைக்கும் நடுவே யாருக்குப் புல் கிடைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோட்டைக்கு வெளியே நிலத்தைக் காலியாக வைக்கும் யோசனை கம்பெனிக்குப் புதிதல்ல, அதை மெட்ராஸில் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தபோது, கோட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளினார்கள், வீடுகள் மறைப்பாக இருந்தால் எதிரி நெருங்கி வந்துவிடுவான் என்று. மூன்று வருஷம் கழித்து ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அதே வேலையைத் தொடர்ந்து, மிச்சத்தையும் அகற்றிவிட்டு, பீரங்கி சுடுவதற்குத் திறந்த வெளியாக ஆக்கிவிட்டார்கள். 1773-இல் அந்த வெளியின் எல்லையைக் காட்ட ஆறு தூண்கள் நட்டார்கள், இதற்கு இந்தப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று. அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. இன்றைய உயர்நீதிமன்ற வளாகம் இருப்பது அந்த வெளியில்தான். ஒரு காலத்தில் பீரங்கிக்காக ஒதுக்கிய நிலம் பிறகு நீதிமன்றத்துக்குப் போனது. வேலூரிலும் கோட்டையைச் சுற்றிய மைதானமும் பெரியார் பூங்காவும் அதே தர்க்கத்தின் மிச்சம் என்றே நான் நினைக்கிறேன். அகழியின் மறுகரையில் திறந்த வெளி இல்லாவிட்டால் மதில் மேல் நிற்கும் பீரங்கியால் எந்தப் பயனும் கிடையாது.

மெட்ராஸ் பட்டாளத்துக்கு இன்னொரு குணம் உண்டு. சிப்பாய்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள், படை இடம் மாறினால் மனைவி, பிள்ளை, வயதான தாய் எல்லாரும் கூடவே நடந்தார்கள். சர்க்கார் அவர்களுக்குப் பாரக்ஸ் கட்டித் தரவில்லை, குடிசை போட்டுக்கொள்ள ஒரு தொகை கொடுத்துவிட்டு வரிசையாக மனை அளந்து கொடுத்தது, அதைத்தான் லைன் என்றார்கள். ஆகவே வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு நிரந்தரக் கட்டடம், இந்தியச் சிப்பாய்க்கு அவனே கட்டிக்கொள்ளும் மண் சுவர். செலவு குறைவு என்பது ஒரு காரணம். மழைக்காலத்தில் அந்தச் சுவர்கள் கரைந்ததும், அடுத்த படை வரும்போது வருபவர் அதே குடிசையை விலைக்கு வாங்கிக்கொண்டதும் அதன் மறுபக்கம். ஒரு சிப்பாய்க்குப் பின்னால் நாலு பேர் என்று வைத்தாலும் ஆயிரம் பேர் உள்ள பட்டாலியன் ஐயாயிரம் பேர் உள்ள ஊர். அந்த ஊருக்கு எண்ணெய், அரிசி, துணி, வெற்றிலை விற்க வந்தவர்களின் பஜார் அதோடு சேர்ந்து வளர்ந்தது.

1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு திட்டமிடும் முறையே மாறியது. பயம் ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஒவ்வொரு வருஷமும் சாகிறார்கள், அதில் பெரும்பான்மை போரில் அல்ல, வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் காய்ச்சலிலும் என்று 1863-இல் வந்த சுகாதார ஆணைய அறிக்கை சொன்னது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வராமலேயே நிலையம் நிலையமாகக் கேள்வித்தாள் அனுப்பி வாங்கிய விவரங்களைப் படித்து அதில் தம் குறிப்புகளை எழுதினார். அதற்குப் பிறகு பாரக்ஸ் என்பது ஒரு கணக்காகிவிட்டது: ஆளுக்கு இத்தனை கன அடி காற்று, தரையிலிருந்து உயர்த்திய மேடை, இரண்டு பக்கமும் தாழ்வாரம், கூரை முகட்டில் காற்று வெளியேற வழி, ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமான இடைவெளி. கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று அப்போது நம்பியதால், ஊரிலிருந்து வீசும் காற்று பாரக்ஸ் மேல் படாத திசையைத் தேடினார்கள், சதுப்பான இடத்தையும் ஏரிக்கரையையும் தவிர்த்தார்கள், முடிந்தால் மாடியில் படுக்க வைத்தார்கள். காரணம் தவறு, கொசுவைப் பற்றித் தெரிய இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் தேங்கிய தண்ணீரிலிருந்து தள்ளிப் போனதால் பலன் ஓரளவு கிடைத்தது.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அந்த இடைவெளி எல்லாம் பட்டாளத்தை ஊரிலிருந்து பிரிக்கத்தான் பயன்பட்டது. சுத்தமான கிணறும், வடிகாலும், அகலமான தெருவும் எல்லைக்கல்லுக்கு உள்ளே. அதே பணத்தில் ஒரு பங்கு பேட்டைக்குள் வந்திருந்தால் காலராவில் செத்த எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். நோய் ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் ஊரைச் சுத்தம் செய்வதைவிட ஊரைத் தள்ளி வைப்பது மலிவு என்று முடிவெடுத்தார்கள். நம் பழைய தெருக்களில் ஆபீசர்ஸ் லைனின் அகலத்தையும் லாங் பஜாரின் நெரிசலையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால் அந்த முடிவு இன்னும் தரையில் அப்படியே கிடப்பது தெரியும்.

சட்டமும் கூடவே வந்தது. 1864-இல் கண்டோன்மெண்டுகளுக்கென்று தனிச் சட்டம், பிறகு 1889-இல், அப்புறம் 1924-இல் இன்னும் விரிவாக. அந்த 1924 சட்டத்தின் கீழ் வந்த நில விதிகளில் பட்டாள நிலத்தை வகை பிரித்தார்கள். ஏ-1 என்றால் பாரக்ஸ், கோட்டை, கிடங்கு என்று படை நேரடியாகப் பயன்படுத்தும் நிலம். ஏ-2 என்றால் படை அதைப் பயன்படுத்தவில்லை, ஆனால் வேறு யாராவது அங்கே குடியிருந்தால் படைக்கு ஆட்சேபம் உண்டு என்ற நிலம். காலியாக இருப்பதுதான் அந்த நிலத்தின் வேலை! அதுவரை வழக்கமாக இருந்ததை அந்த விதி எழுத்தில் போட்டுவிட்டது. பி-3 என்பது பழைய மானிய முறையில் தனியாருக்கு வீடு கட்டக் கொடுத்த நிலம், அதாவது கட்டடம் உங்களுடையது, மண் சர்க்காருடையது, வேண்டுமென்றால் கட்டடத்துக்கு மட்டும் விலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது. இன்று தமிழ்நாட்டில் கண்டோன்மெண்ட் வாரியம் உள்ள இடங்கள் இரண்டுதான், பரங்கிமலை-பல்லாவரமும் வெலிங்டனும். பல்லாவரத்தில் மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தும் விற்கவோ மாடி எடுக்கவோ முடியாமல் அலையும் குடும்பங்கள் இருப்பதற்கு வேர் இந்த வகைப்பாட்டில்தான் இருக்கிறது.

நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். உழவரிடமே சர்க்கார் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் கிராமத்து நிலம் எல்லாம் கணக்கில் ஏறியபோது, தனி ஆள் பேரில் பட்டா இல்லாத மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, ஏரி உள்வாய், தோப்பு எல்லாம் புறம்போக்கு ஆனது. புறம்போக்கு என்றால் சர்க்கார் கையெழுத்துப் போட்டால் வேறு வேலைக்கு மாற்றலாம். பட்டா நிலத்தை எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும், வரியும் போகும், அதனால் கலெக்டர் முனகுவார். புறம்போக்கை எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஊர் முழுவதற்கும் பொதுவாக இருந்தாலும் காகிதத்தில் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே பட்டாளத்தின் விரிவாக்கத்துக்கு அதிகம் விலை கொடுத்தவர்கள், சொந்த நிலமே இல்லாமல் அந்தப் பொது வெளியில் ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்தவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பி வந்து நின்ற இடம் இன்றைய வாலாஜா ரோடு. அந்த நிலையத்துக்கு அப்போது ஆற்காடு என்றே பெயர். ராணிப்பேட்டைக் கண்டோன்மெண்டிலிருந்து அதிகத் தூரமில்லை. அதுவரை ஒரு படை மெட்ராஸிலிருந்து இங்கே வர ஒரு வாரம் நடந்தது. ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக, கிணறும் நிழல் தோப்பும் உள்ள முகாம் மைதானங்கள் சாலையோரம் ஒதுக்கப்பட்டிருந்தன, அதுவும் பட்டாளத்துக்காகக் காலியாக வைத்த நிலம்தான். ரயில் வந்ததும் ஒரு வாரம் சில மணி நேரமானது. பத்து இடத்தில் சின்னச் சின்னப் படை வைத்திருக்க வேண்டியதில்லை, பெங்களூரிலும் மெட்ராஸிலும் பெரிதாக வைத்துக்கொண்டு தேவைப்பட்டால் அனுப்பினால் போதும். ஆற்காட்டிலிருந்து வேலூருக்குக் குதிரையில் பாய்ந்து வரும் அவசரத்துக்காகவே மதிப்புப் பெற்ற கண்டோன்மெண்டுக்கு, அந்த அவசரத்தை ரயில் எடுத்துக்கொண்ட பிறகு வேலையே இல்லாமல் போனது.

பட்டாளம் போனபின் நிலம் என்ன ஆனது என்பதில்தான் இன்றைய வேலூர் இருக்கிறது. கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளி, அருங்காட்சியகம், சில அரசு அலுவலகங்கள், 1846-இல் படைக்காகக் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச். படைக்கிடங்காகப் பயன்பட்டு, நெடுங்காலம் வழிபாடே இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல்தான் மறுபடியும் சாமியை வைத்தார்கள். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. கலெக்டர் அலுவலகம், கோர்ட், ஆஸ்பத்திரி, பள்ளி என்று ஒரு தலைநகரத்துக்கு வேண்டியவற்றை வைக்க, யாரையும் காலி செய்யச் சொல்லாமல் கைக்கு எட்டிய சர்க்கார் நிலம் பழைய படை நிலையத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல ஆசை. பட்டாளம் வேலூரை விட்டுப் போனாலும் வேலூர் பட்டாளத்தை விடவில்லை. கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஒருவராவது இருப்பார் என்பார்கள்.

இப்போது வேலூரில் மனை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய லைன் பகுதிகளில் நிலம் பார்த்தால் பட்டாவோடு நிறுத்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ-ரிஜிஸ்டர் என்ற கிராம நிலப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணின் பழைய வகைப்பாடு என்ன என்று கேளுங்கள். உட்பிரிவு ஆகும் முன் அது என்ன எண், அந்த எண் சர்க்கார் பேரில் இருந்ததா, இருந்தால் எந்த உத்தரவின்படி தனியாருக்கு வந்தது என்று பின்னோக்கிப் போங்கள். கம்ப்யூட்டரில் வரும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகளுக்கு மேல் போகாது, அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக மனுப்போட்டுத்தான் வாங்க வேண்டும். அலைச்சல்தான், ஆனாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் அலைந்துவிடுங்கள்.